சூரியகாந்தி: விதைப்பு முதல் எண்ணெய், கஷாயம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, சாம்பவர்வடகரை என்று தென்காசியைச் சுற்றிய புஞ்சைகளில் வைகாசியில் விதைத்த சூரியகாந்தி, குற்றாலத்தில் சாரல் கட்டுகிற நாட்களில் பூத்து நிற்கும். எங்கள் ஒன்றரை ஏக்கரும் ரோட்டோரம்தான். பூ விரிந்த அன்றே கார்கள் நிற்க ஆரம்பித்துவிடும், பாதி கேரளப் பதிவெண். படம் எடுத்து முடித்ததும் கேள்வி தொடங்கும். வீட்டில் வளருமா, விதையை அப்படியே தின்னலாமா, இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்குமாமே? பத்து வருஷமாக வரப்பில் நின்று சொன்ன பதில்கள்தான் இவை.

சூரியகாந்தி நம் ஊர்ச் செடிதானே?

இல்லை. வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கிய செடி இது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெகுகாலம் அழகுக்குத்தான் வளர்த்தார்கள். எண்ணெய்ப் பயிர் என்ற அந்தஸ்தைக் கொடுத்தது ரஷ்யா. அங்கே நோன்பு நாட்களில் திருச்சபை விலக்கி வைத்த கொழுப்புகளின் பட்டியலில் புதிதாக வந்த இந்த எண்ணெய் இல்லையாம், அதனால்தான் வீட்டுக்கு வீடு பரவியது என்று ஒரு கதை உண்டு. சோவியத் காலத்தில் புஸ்தவோயித் என்ற விஞ்ஞானி விதையில் எண்ணெயின் அளவைப் பெரிதாகக் கூட்டினார். அந்த வழியில் வந்த சோவியத் ரகங்கள்தான் 1969இல் இந்தியாவில் எண்ணெய்ப் பயிராகக் கால் வைத்தன. 1980இல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பி.எஸ்.எச்.-1 என்ற வீரிய ஒட்டை (ஹைப்ரிட் விதையை) வெளியிட்டது. என் தாத்தா இந்தப் பயிரைப் போட்டதில்லை, அப்பாதான் போட்டார். பின்னால் மருந்து பற்றிய கேள்வி வரும்போது இந்த வருஷக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டத்தில் (விதைப்புப் பருவத்தில்) விதைக்கலாம்?

பகல் நீளம் எப்படி இருந்தாலும் பூக்கிற பயிர் என்பதால் எந்தப் பட்டத்திலும் வரும். மானாவாரிக்கு ஆடி, கார்த்திகை. கிணற்றுத் தண்ணீர் இருந்தால் மார்கழி, சித்திரை. பூக்கும் நேரத்தில் அடைமழை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டம் பார்ப்பதே அதற்காகத்தான். மழையில் மகரந்தம் கழுவிப் போகும், தேனீ வராது, பூத்தலையில் தண்ணீர் தேங்கி அழுகும். எங்கள் பக்கம் விழுவது தூறல்தான் என்பதால் தப்பிக்கிறோம்.

விதை எவ்வளவு, இடைவெளி எவ்வளவு?

வீரிய ஒட்டுக்கு வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 செடி நிற்கும். குழிக்கு இரண்டு விதை வீதம் போட்டால் இரண்டு முதல் இரண்டரை கிலோ ஆகும். பத்தாம் நாள் வாக்கில் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். இதற்கு மனசு வராமல் இரண்டையும் விட்டால் இரண்டுமே குச்சியாக வளர்ந்து, பூ டீ சாஸர் அளவில் நின்றுவிடும். முப்பது நாளில் மண் அணைத்துவிடுங்கள். தலை கனத்த செடி, காற்றுக்குச் சாயும். ஆடிக் காற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மொட்டு கட்டும்போது, பூக்கும்போது, மணி பிடிக்கும்போது என்று மூன்று கட்டங்கள் முக்கியம். மற்ற நாட்களில் கொஞ்சம் காய்ந்தாலும் வேர் ஆழமாகப் போய்ச் சமாளித்துக்கொள்ளும்.

பூ தாம்பாளம் மாதிரி இருக்கிறது, நடுவில் விதையெல்லாம் உள்ளே பருப்பில்லாமல் பொக்காக இருக்கிறதே, ஏன்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதிகம் நஷ்டம் தருகிற விஷயமும் இதுதான். ஒரு பூ என்று நாம் சொல்வது ஒரு பூ அல்ல. சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் விளம்பரப் பலகை. நடுவட்டில் ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு விதை. அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி, தினமும் இரண்டு மூன்று வட்டமாக, ஒரு வாரம் பத்து நாள் விரியும். ஒரு காலை நேரத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: வெளிவட்டம் வாடியிருக்கும், அடுத்த வட்டம் மஞ்சள் பொடி தூவி நிற்கும், நடுவில் இன்னும் பச்சை மொட்டு.

அந்தக் குட்டிப் பூக்களில் மகரந்தம் முதலில் வரும், மகரந்தத்தை வாங்கும் சூலகமுடி பிறகுதான் வெளியே வரும். அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்வது குறைவு. அடுத்த செடியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். அந்த யாராவது தேனீ. தேனீ வராத வயலில் நடுவட்டம் பொக்காகத்தான் இருக்கும்.

நான் செய்வது இது. பூக்கிற நாட்களில் பூச்சிமருந்து டப்பாவைத் தொடுவதே இல்லை. தேனீப் பெட்டி கிடைத்தால் ஏக்கருக்கு இரண்டு வைப்பேன். தேனீ குறைவாகத் தெரிந்தால் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய பருத்தித் துணியைக் கையில் சுற்றி ஒவ்வொரு பூவையும் லேசாகத் தடவிவிடுவோம். பக்கத்துப் பக்கத்துப் பூக்களை முகத்தோடு முகம் ஒற்றிவிடுகிறவர்களும் உண்டு. அழுத்தித் தேய்க்கக் கூடாது. முதல் வருஷம் துணி கிடைக்காமல் சாக்குத் துண்டால் தேய்த்து, சூலகமுடியை எல்லாம் ஒடித்து வைத்தேன். அந்த இரண்டு வரிசை அறுவடையில் பொக்கு அள்ளியது.

இன்னொரு காரணம் போரான் பற்றாக்குறை. இதழ் விரியத் தொடங்கும்போது லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் வீதம் பூத்தலையில் படும்படி தெளித்தால் மணி பிடிப்பது நன்றாகக் கூடும். அதற்கு மேல் போனால் இலை கருகும்.

கிளி?

கிளிதான். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒரு விதையைப் பிடுங்கி, தோலைத் துப்பி, பருப்பை மட்டும் தின்னும். தின்றதைவிடச் சிந்தியது அதிகமாக இருக்கும். விடிந்ததும் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. பளபளக்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டினால் நாலைந்து நாள் பயப்படும். பிறகு அதன் மேலேயே உட்காரும். ஆள் நின்று தகரம் தட்டுவதற்கு இணை இல்லை. ஊரில் தனி ஒருவராகப் பயிர் போட்டால் மொத்தக் கிளியும் உங்கள் வயலுக்குத்தான் வரும். பக்கத்துக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் விதைப்பது நல்லது.

நோய்கள் அதிகம் வருமா?

இலைக்கருகல், துரு, மழையில் தலை அழுகல், பூத்தலையைக் குடையும் பச்சைப்புழு என்று உண்டு. எதற்கு எந்த மருந்து என்பதை வேளாண் அலுவலரிடம் செடியைக் காட்டிக் கேளுங்கள். நான் சொல்ல விரும்புவது நெக்ரோசிஸ் என்ற வைரஸ் நோயைப் பற்றி. 1997இல் கர்நாடகத்தில் முதலில் பார்த்தார்கள், பிறகு தெற்கெங்கும் வந்தது. இலையும் தண்டும் கருகி, பூ முறுக்கிக்கொள்ளும். வைரஸ் பார்த்தீனியச் செடியில் வெளியே தெரியாமல் குடியிருக்கும், அதன் மகரந்தத்தோடு இலைப்பேன் மூலம் சூரியகாந்திக்கு ஏறும். அதனால் வரப்பில் உள்ள பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குவதுதான் முதல் மருந்து. கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள்.

போன அறுவடையில் எடுத்த விதையையே திரும்ப விதைக்கலாமா?

ஒட்டு அல்லாத சாதாரண ரகமாக இருந்தால் விதைக்கலாம். ஆனால் புது விதைக்கு உறக்கம் உண்டு, அறுத்து ஒன்றரை மாதம் வரை சரியாக முளைக்காது. வீரிய ஒட்டாக இருந்தால் வேண்டாம். அடுத்த தலைமுறையில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒரு செடியில் நாலு பூ என்று கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கலந்து வரும்.

எப்போது அறுப்பது?

பூத்தலையின் முதுகைப் பாருங்கள். பச்சை போய் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தால் அறுக்கலாம். விதைத்ததிலிருந்து 85 முதல் 100 நாள். அறுத்த தலைகளைக் குவியலாகப் போட்டால் பூசணம் பிடிக்கும். பரப்பிக் காயவைத்து, குச்சியால் தட்டியோ இயந்திரத்திலோ உதிர்க்கலாம். விதையைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மொட்டை மாடியில் வளருமா?

தாராளமாக. ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள பை அல்லது தொட்டி, ஆறு மணி நேர வெயில், இவ்வளவுதான். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர் அடிபட்டால் செடி முறைத்துக்கொண்டு நிற்கும். விதையை நேராகத் தொட்டியிலேயே ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள், ஒரு வாரத்தில் முளைக்கும். முதல் பத்து நாள் அணிலுக்கும் எறும்புக்கும் காவல் தேவை. மளிகைக் கடையில் கிடைக்கும் தோல் நீக்கிய பருப்பை ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். அதில் பாதி அடிபட்டது, மீதி வறுத்தது. கிளித் தீவனமாக விற்கும் கோடு போட்ட முழு விதை முளைக்கும், விலையும் குறைவு.

பூ உண்மையிலேயே சூரியனோடு சுற்றுமா?

இளஞ்செடி சுற்றும். பகலில் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பி, இரவில் தானாகவே கிழக்குக்குத் திரும்பிக் காத்திருக்கும். தண்டின் ஒரு பக்கம் பகலிலும் மறுபக்கம் இரவிலும் கூடுதலாக வளர்வதுதான் காரணம். பூ முழுக்க விரிந்து தண்டு முற்றியதும் ஆட்டம் நின்றுவிடும், கிழக்கு பார்த்தே நிற்கும். இப்படிக் கிழக்கு பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்கள் அதைத் தேடி வருகின்றன என்று 2016இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொட்டியைத் திருப்பி வைத்து மேற்கே பார்க்கவைத்த பூக்களுக்கு வந்த தேனீ குறைவு. படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாயங்காலம் மேற்கிலிருந்து வந்தால் பூக்களின் முதுகுதான் கிடைக்கும். காலையில் வாருங்கள், வரப்பில் நில்லுங்கள், வயலுக்குள் இறங்காதீர்கள்.

விதையில் என்ன சத்து இருக்கிறது? எவ்வளவு சாப்பிடலாம்?

100 கிராம் பருப்பில் சுமார் 20 கிராம் புரதம், 50 கிராம் கொழுப்பு, 580 கலோரி. வைட்டமின் ஈ 35 மில்லிகிராம். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 15 மில்லிகிராம்தான். மெக்னீசியமும் செலினியமும் நல்ல அளவில் உண்டு. கணக்கைப் பார்த்தாலே தெரியும், ஒரு கைப்பிடி போதும். டிவி முன்னால் கிண்ணம் கிண்ணமாகத் தின்றால் அது சத்துணவு இல்லை, மிக்சர்தான்.

வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுத்து, வாசம் வந்ததும் இறக்கிவிடுங்கள். சிவக்க விட்டால் கசக்கும். எங்கள் வீட்டில் தேங்காய் குறைவாக இருக்கும் நாளில் சட்னிக்குப் பொட்டுக்கடலையோடு இதை இரண்டு ஸ்பூன் சேர்த்து அரைப்பார்கள். எள்ளுப்பொடி மாதிரி மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து இடித்தால் இட்லிக்கு நன்றாக இருக்கும். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் தோலோடு வறுத்ததைப் பல்லால் உடைத்துத் தின்றபடி மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் பூங்காவில் கடலை கொறிப்பது போல. தோலை விழுங்காதீர்கள். குடலில் கட்டியாகத் திரண்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு முழு விதை கொடுக்க வேண்டாம், புரையேறும்.

ஒரு முறை மனைவி இந்தப் பருப்பை மாவாக்கி, ஆப்ப சோடா போட்டு பிஸ்கட் செய்தாள். ஆறியதும் உடைத்துப் பார்த்தால் உள்ளே பாசிப்பச்சை! கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடப் போனோம். அது கெட்டதல்ல. பருப்பில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் பச்சை நிறம் வரும். தின்னலாம். சோடாவைக் குறைத்து ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பச்சை வராது.

விதைப்பதற்கென்று பாக்கெட்டில் வரும் சிவப்பு, நீலப் பூச்சு போட்ட விதையை யாரும் வாயில் போடக்கூடாது. அந்த நிறமே, மருந்து கலந்தது என்று எச்சரிக்கத்தான்.

ரீஃபைண்ட் எண்ணெய் நல்லதா, செக்கு எண்ணெய் நல்லதா?

கடையில் ‘சன்பிளவர் ஆயில்’ என்று வருவது பெரும்பாலும் உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வந்த எண்ணெய். 2022இல் அங்கே போர் மூண்டதும் இங்கே மளிகைக் கடையில் விலை எகிறியது நினைவிருக்கும். அதைச் சுத்திகரித்து, நிறமும் வாசமும் நீக்கித் தருகிறார்கள். அதிக சூட்டைத் தாங்கும், பொரிக்கலாம். செக்கு எண்ணெய்க்கு விதை வாசம் இருக்கும், தாளிக்க நன்றாக இருக்கும், பொரிக்க ஏற்றதல்ல. எங்கள் விதையை ஆட்டினால் மூன்று கிலோவுக்கு ஒரு லிட்டர் வருவதே பெரிது. ஆட்டுக்கூலியும் சேர்த்தால் கடை விலைக்குக் கட்டுப்படியாகாது. ‘சுத்தமான செக்கு சூரியகாந்தி எண்ணெய்’ என்று மலிவாக யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள்.

நெய், பாமாயில் போன்ற நிறைகொழுப்புக்குப் பதிலாக இந்த எண்ணெயைச் சேர்த்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். பதிலாக என்ற சொல்லைக் கவனியுங்கள், கூடுதலாக அல்ல. இதில் உள்ள லினோலிக் அமிலம் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் சீக்கிரம் சிதையும். வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வடிகட்டி வாரம் முழுக்க ஓட்டுகிற வழக்கத்துக்கு இது தோதான எண்ணெய் அல்ல. நான் இதோடு நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் மாற்றி மாற்றிச் சேர்க்கிறேன்.

இலை, இதழ், மொட்டு?

இதழைச் சாலட்டில் போடலாம், லேசாகக் கசக்கும். மொட்டை வேகவைத்துத் தின்கிற வழக்கம் வெளிநாட்டில் உண்டு. முளைவிட்ட ஐந்தங்குலக் கீரைதான் எனக்குப் பிடித்தது, கடித்தால் நிலக்கடலை ருசி. இவையெல்லாம் மருந்தடிக்காத வீட்டுச் செடிக்குத்தான். வயல் செடி வேண்டாம். மண்ணில் காட்மியம் போன்ற உலோகம் இருந்தால் இந்தச் செடி உறிஞ்சிக்கொள்ளும், அதனால் சாயப்பட்டறைக் கழிவோ குப்பைக் கிடங்கோ இருந்த இடத்தில் விளைந்ததைச் சாப்பிட வேண்டாம்.

சித்தர்கள் சூரியகாந்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களா?

வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வருகிறது. அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த செடியை அதற்கு முந்திய சித்தர்கள் எப்படிப் பாடியிருப்பார்கள்? நம் பழைய பாடல்களில் சூரியனை எதிர்கொண்டு மலரும் பூ என்று வருவது நெருஞ்சி, புறநானூற்றிலேயே இருக்கிறது. நீர்க்கடுப்புக்கும் நீர் பிரியவும் சித்த மருத்துவத்தில் கொடுக்கும் மூலிகையும் அந்த நெருஞ்சிதான். பெயரிலும் குணத்திலும் குழப்பிக்கொண்டு சூரியகாந்திக்குச் சிலர் அந்தப் பெருமையைக் கொடுக்கிறார்கள்.

சூரியகாந்தியின் மருத்துவ மரபு உண்மையில் இருப்பது அதன் சொந்த மண்ணில். வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் டகோட்டா மக்கள் பூத்தலையைக் கொதிக்கவைத்து நுரையீரல் கோளாறுக்குக் குடித்தார்கள். சூனி மக்களின் வைத்தியர்கள் பாம்புக்கடிக்கு வேரைப் பயன்படுத்தினார்கள். ரஷ்யக் கிராமங்களில் காய்ச்சலுக்கு இலை, பூ ஊறல். இவை வழக்கங்கள், நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் அல்ல. பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனைதான்.

இலைக் கஷாயம் சர்க்கரையைக் குறைக்குமா?

மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. விதையில் மாவுச்சத்து குறைவு என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் பலகாரத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி கொறிப்பது நல்லது, அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். காலில் புண் வந்து நாலு மாதம் ஆறவில்லை.

ஆயில் புல்லிங் இதில் செய்யலாமா?

செய்யலாம். 90களில் ஊரே காலையில் வாயை உப்பிக்கொண்டு திரிந்தபோது இந்த எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் பேச்சு. வாய் நாற்றமும் பல்லில் படியும் அழுக்கும் கொஞ்சம் குறையலாம். மூட்டுவலி முதல் ஆஸ்துமா வரை போகும் என்பதை நம்ப வேண்டாம். கொப்பளித்ததை விழுங்காதீர்கள், வாஷ்பேசினில் துப்பிக் குழாயையும் அடைத்துவிடாதீர்கள்.

தோலுக்கு?

இங்கேதான் சூரியகாந்தி எண்ணெய்க்கு உண்மையான மருத்துவச் செல்வாக்கு. டாக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் இந்த எண்ணெயைத் தடவியதில், மருத்துவமனையில் தொற்றும் கிருமித் தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று 2005இல் ஆய்வு வெளியானது. தோலின் மேலடுக்கை இதன் லினோலிக் அமிலம் பலப்படுத்துகிறது. அது மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது, வீட்டில் குறைமாதப் பிள்ளைக்கு நீங்களாகச் செய்யாதீர்கள். பெரியவர்களின் வறண்ட தோலுக்கு, குளித்து ஈரம் காயும் முன் கொஞ்சம் தடவலாம். பனிக்காலத்தில் என் குதிகால் வெடிப்புக்கு நான் செய்வது அதுதான்.

யார் விலக வேண்டும்?

விதை ஒவ்வாமை உள்ளவர்கள். பார்த்தீனியம் பட்டால் தோல் அரிக்கிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம், சூரியகாந்தி இலையைத் தொட்டாலும் தடிக்கலாம். எங்கள் வயலில் களை எடுக்கும் அக்கா ஒருவருக்கு இதே தொல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் இறங்குவார், பூப்பறிக்க மட்டும் வரமாட்டார். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்புப் போட்டு வறுத்த பாக்கெட்டைத் தவிர்க்கவும்.

அறுத்த பிறகு மிச்சத்தை என்ன செய்வீர்கள்?

செக்கில் வரும் புண்ணாக்கு மாட்டுக்கு. பிரித்த தலையை ஆடு தின்னும். தண்டு காய்ந்தால் அடுப்புக்கு, இல்லையென்றால் மடக்கி உழுதுவிடுவோம். நாலைந்து தலையை மட்டும் உதிர்க்காமல் அப்படியே கிணற்று மேட்டு வேலியில் கட்டி வைப்பேன். கிளிக்கு.